நெடுஞ்சாலையும் முதற்பக்கமும்

வழி கூறுதலை ஒரு நூல்வகையாகவே கொண்டு போற்றியவர் நம் முன்னோர். பத்துப்பாட்டினுள் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படைகளாம். இன்ன வழியே செல்க, இன்ன ஊர் எதிர்ப்படும், இன்ன உணவு கிடைக்கும், இன்ன இடத்தைப் போற்றிக் கடக்க என்று, சென்று கண்டான் ஒருவன் செல்லாதான் ஒருவனுக்கு உரைப்பது அவற்றின் அமைதி. அதனையொத்த பணியொன்று இக்காலத்து மாணவர்க்கும் வாய்த்துள்ளது. யாவரும் எழுதவும் யாவரும் படிக்கவும் இணையத்தில் அமைந்துள்ள விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியத்தில், தம் ஊர்வழிச் செல்லும் நெடுஞ்சாலையைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்து, அதனை அக்களஞ்சியத்தின் முதற்பக்கத்திற்குப் பரிந்துரைத்தலே அப்பணி. அஃது எவ்வாறு செய்யப்படுவது, அதன்கண் உள்ள இடர் யாது, அதனால் விளையும் பயன் யாது என்பவற்றை, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் ஊடே செல்லும் சாலையொன்றனை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

கலைக்களஞ்சியம் என்பது தமிழுக்கு முற்றும் புதியதன்று. சொற்களை அகர நிரலில் வைத்துப் பொருள் காண்பதற்கு வழிகாட்டியவர் வீரமாமுனிவர். அவர் 1732-ஆம் ஆண்டில் இயற்றிய சதுரகராதியை அறியாத தமிழ் மாணவர் இலர். அம்முனிவர் திருக்காவலூர் எனப் பெயரிட்டு வாழ்ந்த ஏலாக்குறிச்சி, இன்றைய அரியலூர் மாவட்டத்தில், யாம் கூறப்போகும் சாலைக்கு அணித்தே உள்ளது. பின்னர் 1910-இல் ஆ. சிங்காரவேலு முதலியார் தனியொருவராய்ப் பல்லாண்டு உழைத்துத் தொகுத்த அபிதான சிந்தாமணி மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக வெளிவந்தது. 1954 முதல் 1968 வரை தமிழ் வளர்ச்சிக் கழகத்தார், பெரியசாமித் தூரனைத் தலைமை ஆசிரியராகக் கொண்டு, கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டனர். முன்னையது ஒருவர் உழைப்பு. பின்னையது அறிஞர் குழுவின் உழைப்பு. விக்கிப்பீடியாவோ இவ்விரண்டினும் வேறுபட்டது. ஆங்கிலத்தில் 2001-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 15-ஆம் நாளும், தமிழில் 2003-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 30-ஆம் நாளும் தொடங்கிய அக்களஞ்சியத்தில், எழுதுவோர்க்குப் பட்டமும் வேண்டுவதில்லை, பதவியும் வேண்டுவதில்லை. தமிழ்ப் பகுதி 2017-ஆம் ஆண்டில் ஓரிலக்கம் கட்டுரைகளை எய்தியது.

யாவரும் எழுதலாம் என்றவுடனே, எழுதியனவெல்லாம் நிற்கும் என்று கொள்ளற்க. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஓர் உரையாடற் பக்கம் உண்டு. அதனை யார், எந்நாளில், எந்நொடியில் மாற்றினார் என்பதைக் காட்டும் வரலாற்றுப் பக்கமும் உண்டு. புதியோர் எழுதிப் பழகுதற்கென மணல்தொட்டி என்னும் இடம் உண்டு. பொதுச்செய்திகளைக் கூடிப் பேசுதற்குரிய இடத்திற்கு ஆலமரத்தடி என்று தமிழ் விக்கிப்பீடியர் பெயரிட்டிருப்பது நமக்கு மகிழ்ச்சி தருவதாகும். ஊரார் கூடி வழக்குத் தீர்க்கும் இடம் அதுவேயன்றோ?

இனி முதற்பக்கம் என்பது யாதெனின், அக்களஞ்சியத்துட் புகுவார் முதலிற் காணும் வாயில் எனலாம். தமிழ் விக்கிப்பீடியாவின் வாயிலில் முதற்பக்கக் கட்டுரைகள், உங்களுக்குத் தெரியுமா, செய்திகளில், இன்றைய நாளில், சிறப்புப் படம் என்றாற்போன்ற பகுதிகள் உள. தேர்ந்தெடுக்கப்பெற்ற கட்டுரையின் தொடக்கப் பகுதி, சுருக்கமாக ஒரு படத்தோடு ஆண்டு வைக்கப்பெறும். கட்டுரையை ஆக்கியவரேனும் பிறரேனும் அதனைப் பரிந்துரைக்கலாம். பரிந்துரைத்தபின் ஏனைப் பயனர்கள் அதனைப் படித்து, இங்கே சான்று இல்லை, இங்கே நடை தெளிவாக இல்லை, இப்படத்திற்கு உரிமம் யாது என்று வினவுவர். வினாவிற்கெல்லாம் விடை பகர்ந்து, குறைகளைத் திருத்திய பின்னரே கட்டுரை வாயிலை அடையும். ஆதலின் இஃது ஒருவகை அரங்கேற்றம் என்றே கூறுவோம். முற்காலத்தில் நூலியற்றினோன் அவையடக்கங் கூறிப் புலவர் முன் நின்று, தடைகளுக்கு விடை கூறிய பின்னன்றோ நூல் ஏற்கப்பட்டது? அவையினர் இன்று முகமறியாதவர், வேறுபாடு அவ்வளவே.

ஆங்கில விக்கிப்பீடியாவில் இவ்வாயிலுக்கு வழிகள் பல. அவற்றுள் இரண்டு நெடுஞ்சாலைக் கட்டுரைக்கு ஏற்றன. ஒன்று, புதிதாக எழுதிய, அல்லது மிக விரித்த கட்டுரையினின்று சுவையான ஒரு செய்தியை எடுத்து, உங்களுக்குத் தெரியுமா என்னும் பகுதிக்கு அனுப்புவது. கட்டுரையின் உரைநடை 1,500 எழுத்துக்குறிகளுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். எழுதிய ஏழு நாட்களுக்குள் பரிந்துரைத்தல் வேண்டும். எடுத்துக்காட்டிய செய்திக்கு அவ்விடத்திலேயே சான்று காட்டுதல் வேண்டும். மற்றொன்று, சிறப்புக் கட்டுரை என்னும் உயர்நிலையை எய்துவது. அதற்கு நடைநயம், நிறைவு, ஆழ்ந்த ஆய்வு, நடுநிலை, அடிக்கடி மாறாத நிலைபேறு ஆகிய யாவும் தேரப்படும். சாலையைப் பற்றிய கட்டுரை இத்துணை உயர்வு பெறுமோ என்று சிலர் ஐயுறலாம். அமெரிக்க நாட்டு மிச்சிகன் மாநிலத்தில் மேக்கினா என்னும் தீவு உள்ளது. அதனைச் சுற்றிச் செல்லும் எம்-185 என்னும் சாலை ஏறக்குறைய 8 மைல் நீளமுடையது. அத்தீவில் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. மக்கள் நடந்தும், சைக்கிளிலும், குதிரை வண்டியிலுமே செல்வர். மோட்டார் ஓடாத அந்நெடுஞ்சாலையைப் பற்றிய கட்டுரை ஆங்கிலத்துச் சிறப்புக் கட்டுரைகளுள் ஒன்றாக விளங்கியுள்ளது. மேக்கினாத் தீவுச் சாலைக்கு இயன்றது மருதையாற்றங்கரைச் சாலைக்கு ஏன் இயலாது?

நிற்க. யாம் எடுத்துக்கொண்ட சாலை தேசிய நெடுஞ்சாலை 136 என்பது. அது பெரம்பலூரிற் பிரிந்து, அரியலூர், கீழப்பழுவூர், திருமானூர் வழியாகச் சென்று, கொள்ளிடத்தைக் கடந்து, திருவையாற்றினூடே தஞ்சாவூரை அடைகின்றது. சென்னையினின்று திருச்சிராப்பள்ளி செல்லும் பெருஞ்சாலையை வடக்கெல்லையாகவும், சோழர் தலைநகரைத் தெற்கெல்லையாகவும் உடையது இச்சாலை. அவ்விரு மாவட்டங்களிலிருந்தும் வந்து பயிலும் எம்மனோர் பலர் விடுமுறைதோறும் இதன் வழியே வீடு செல்வர். ஆயினும் 136 என்னும் எண் அதற்கு ஏன் வந்தது என்று வினவின், விடை கூறுவார் அரியர். அதனைக் கூறுதல் கலைக்களஞ்சியக் கட்டுரையின் கடமைகளுள் ஒன்று.

அவ்விடை வருமாறு. 2010-ஆம் ஆண்டில் இந்திய அரசினர் தேசிய நெடுஞ்சாலைகளின் எண்களை ஒரு முறைப்படுத்தினர். வடக்குத் தெற்காகச் செல்வனவற்றிற்கு இரட்டைப்படை எண். கிழக்கு மேற்காகச் செல்வனவற்றிற்கு ஒற்றைப்படை எண். வடக்குத் தெற்குச் சாலைகளின் எண் கிழக்கினின்று மேற்கு நோக்கி ஏறும். கிழக்கு மேற்குச் சாலைகளின் எண் வடக்கினின்று தெற்கு நோக்கி ஏறும். ஆதலின் தமிழ்நாட்டில் கடற்கரை ஓரத்தது 32, அதற்கு மேற்கே 36, பின்னர் 38, காசுமீரத்தினின்று கன்னியாகுமரிக்கு வருவது 44 என நிரல்பட அமைந்தன. மூவிலக்கம் உடையன கிளைகள். அவற்றின் ஈற்றிரண்டு இலக்கங்கள் தாய்ச்சாலையைக் காட்டும். விக்கிரவாண்டியினின்று கும்பகோணம், தஞ்சாவூர் வழியாக மானாமதுரை செல்வது 36. அதனோடு தஞ்சையிற் சேரும் நம் சாலை 136 எனப் பெயர் பெற்றது. பெரம்பலூரிலே இது பிரியும் பெருஞ்சாலை முன்னர் 45 என வழங்கியது; இன்று அவ்விடத்தில் அதன் எண் 38. ஊராரும் ஓட்டுநரும் இன்றும் பழைய எண்ணையே கூறுதல் உண்டு. எண்ணினை மாற்றிய அரசு நாவினை மாற்றவில்லை. ஆதலின் கட்டுரையாளன் இரண்டனையும் கூறி, பழைய எண்ணைத் தேடி வருவாரும் புதிய கட்டுரையை அடையுமாறு வழிமாற்று அமைத்தல் வேண்டும்.

இனிக் கட்டுரையின் உறுப்புக்களைக் கூறுவோம். நெடுஞ்சாலைக் கட்டுரை எழுதுவதில் தேர்ந்தோர் மூன்று பகுதிகளை இன்றியமையாதன என்பர். முதலாவது, சாலை செல்லும் தடத்தை ஒரு முனையினின்று மறுமுனை வரை உரைநடையில் விரித்தல். இரண்டாவது, அதன் வரலாறு. மூன்றாவது, பிற சாலைகளோடு கூடும் சந்திப்புக்களை வரிசைப்படுத்திய பட்டியல். இம்மூன்றிற்கும் முன்னே நிற்பது முகப்புப் பகுதி. அது நம் இலக்கணத்தார் கூறும் பாயிரம் போல்வது. பெயர், எல்லை, நுதலிய பொருள், பயன் ஆகியவற்றைச் சுருங்கக் கூறிப் படிப்போரை உள்ளே அழைப்பது. முதற்பக்கத்திற்குச் செல்வது பெரும்பாலும் இம்முகப்பேயாதலின், இதனைச் செம்மை செய்வதில் மிக்க கருத்து வேண்டும்.

தடத்தைப் பற்றிய பகுதி பெரம்பலூரின் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் நிலங்களினின்று தொடங்கும். அரியலூரை அணுக அணுகச் சுண்ணாம்புக்கற் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும் எதிர்ப்படும். கீழப்பழுவூரில் திருச்சிராப்பள்ளியினின்று சிதம்பரம் செல்லும் 81-ஆம் நெடுஞ்சாலை குறுக்கிடும். அதன்பின் திருமானூர் செல்லும் வழியினின்று பிரிந்து சென்றால், 1999-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்று, 2024-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிற் சேர்ந்த கரைவெட்டி ஏரியைக் காணலாம். திருமானூரை அடுத்துக் கொள்ளிடம். அதுவே இரு மாவட்டங்களுக்கு எல்லை. அப்பாற் காவிரி நாடு. திருவையாற்றிற்கும் தஞ்சைக்கும் இடையே சிறு தொலைவினுள் ஆறுகள் பல கடக்கப்படும். வறண்ட மேட்டு நிலத்திற் புறப்பட்டு நெல்வயலிற் சென்று முடியும் சாலை இது என்பதை ஒரு தொடரிற் கூறின், படிப்போர்க்கு அதன் இயல்பு புலனாகும்.

வரலாற்றுப் பகுதி இன்னும் நுட்பமானது. பெரம்பலூர் மாவட்டம் 1995-இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தினின்று பிரிந்தது. அரியலூர் மாவட்டம் 2001-இல் பெரம்பலூரினின்று பிரிந்து, 2002-இல் மீண்டும் அதனோடு இணைக்கப்பெற்று, 2007-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. ஆகவே 1990-இல் அச்சிட்ட நூலொன்று இச்சாலை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தது என்று கூறின் அது பிழையன்று; 2004-இல் வெளிவந்த அறிக்கையொன்று பெரம்பலூர் மாவட்டத்துக் கீழப்பழுவூர் என்று கூறின் அதுவும் பிழையன்று. காலத்தை நோக்காமல் இரண்டனையும் ஒட்டி எழுதுவோனே பிழைபடுவான்.

கட்டுரையைத் தேர்வோர் நோக்கும் குற்றங்களை எண்ணிப் பார்க்குங்கால், பவணந்தியார் நன்னூலில் வகுத்த நூற்குற்றங்கள் பத்தும் எம் நினைவிற்கு வருகின்றன. எண்ணையும் இரண்டு ஊர்ப்பெயரையும் மட்டும் கூறி நிற்கும் குறுங்கட்டுரை குன்றக் கூறல். உலகிற் சிறந்த சாலை, ஒப்பற்ற சாலை என்பது மிகைபடக் கூறல். முகப்பிலே 136 என்றும் பட்டியலிலே வேறெண்ணும் தருதல் மாறுகொளக் கூறல். இவற்றினும் நம்மவர் எளிதில் வீழ்வது மற்றொன்று விரித்தல் என்னும் குழியிலே. கங்கைகொண்ட சோழபுரம் அரியலூர் மாவட்டத்ததே. ஆயின் அது நம் சாலையில் இல்லை. 1940-இல் எம். எஸ். கிருஷ்ணன் என்னும் நிலவியலறிஞர் சாத்தனூரிற் கண்ட கல்மரம் பெரம்பலூர் மாவட்டத்துப் பெருமையே. அதுவும் நம் சாலையில் இல்லை. ரஞ்சன்குடிக் கோட்டை சென்னைப் பெருஞ்சாலையின் அருகது. இவற்றையெல்லாம் புகுத்தினால் சாலைக் கட்டுரை மாவட்டக் கட்டுரையாய்விடும். பெருமையுடையதாயினும் பொருந்தாததனை நீக்குதலே புலமைக்கு அழகு.

ஆயினும் சாலைக்கு அயலது போலத் தோன்றும் ஒரு செய்தி அதன் உயிராதலும் உண்டு. அரியலூர்ப் பகுதி பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர்க் கடலின் கீழ் இருந்தது. எச். எப். பிளான்போர்டு என்பார் 1862-இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் வாயிலாக இவ்வட்டாரத்துப் பாறைகளை ஆராய்ந்து வெளியிட்டார். பாறைத்தொகுதி ஒன்றிற்கு அரியலூரின் பெயரே வழங்கலாயிற்று. இன்றும் உலகத்து நிலவியலார் அப்பெயரை அறிவர். அக்கடல் விட்டுச்சென்றதே சுண்ணாம்புக்கல். சுண்ணாம்புக்கல் உள்ளமையால் சிமெண்டு ஆலைகள் வந்தன. ஆலைகள் வந்தமையால் லாரிகள் வந்தன. லாரிகள் மிகுந்தமையால் சாலையின் அகலமும் உறுதியும் மக்களின் வழக்காயின. பழங்கடல் ஒன்று இன்றைய சாலையின் மீது சுமையாய் ஏறிச் செல்கின்றது. இக்காரண காரியத் தொடர்பைச் சான்றோடு காட்டும் கட்டுரையே முதற்பக்கத்திற்குத் தகுதியுடையது.

சான்று என்றோம். இப்பணியின் முழு இடரும் அச்சொல்லில் அடங்கியுள்ளது. விக்கிப்பீடியாவின் அடிப்படை நெறிகள் மூன்று: நடுநிலை நோக்கு, மெய்யறிதன்மை, எழுதுவோன் தன் புத்தாய்வினைப் புகுத்தாமை. மெய்யறிதன்மையாவது, கூறியதொன்று மெய்யென எழுதுவோன் அறிந்திருத்தல் மாத்திரமன்று. படிப்போன் தானே சென்று சரிபார்த்தற்கு அச்சிட்ட, நம்பத்தகுந்த ஓர் ஆதாரம் இருத்தல். இச்சாலையில் எந்தப் பாலம் மழைக்காலத்தில் மூழ்கும், எந்தப் புளியமரம் சாலையை அகலப்படுத்தியபோது வெட்டப்பட்டது, எந்த வளைவிலே இரவில் வண்டியை மெல்லச் செலுத்தல் வேண்டும் என்பவற்றை அவ்வூர்த் தேநீர்க்கடைக்காரர் அறிவார். பேருந்து நடத்துநர் அறிவார். அவர் கூற்று மெய்யே. ஆயினும் அதனை எழுதிச் சான்று காட்ட வழியில்லை. கோடானுகோடி மக்கள் நடந்த சாலை; ஏட்டில் ஏறியது எள்ளளவு.

ஊர்ப்பெயரும் இவ்வாறே. பெரம்பலூர் என்பது பெரும்புலியூர் என்பதன் மரூஉ என்று சொல்வார் உளர். கேட்பதற்கு இனியதே. ஆயின் கல்வெட்டிலோ செப்பேட்டிலோ பழம்பெயர் இன்னதென்று காட்டி அறிஞர் நிறுவியதனை எடுத்துக்காட்டாமல், இதனைத் துணிந்த முடிபாக எழுதலாகாது. தமிழ் பயில்வோராகிய நாம் சொல்லின் ஒலியைக் கொண்டு வரலாறு புனைவதில் விருப்பமுடையோம். அவ்விருப்பத்திற்கு இந்நெறி நல்லதோர் அணை.

இந்நெறியின் கடுமையைப் பற்றிய வழக்கு நம் நாட்டிற்கே உரியதன்று. அமெரிக்க நெடுஞ்சாலைகளைப் பற்றி ஆயிரக்கணக்கான கட்டுரைகளை ஆங்கிலத்தில் ஆக்கியவர் பலர். நிலப்படத்தை நோக்கிச் சாலையின் தடத்தை விரித்தெழுதுதல் சான்றுடைய எழுத்தாகுமா, புத்தாய்வாகுமா, ஒவ்வொரு சாலையும் தனிக்கட்டுரை பெறும் அளவிற்குக் குறிப்பிடத்தக்கதாகுமா என்பன போன்ற வினாக்கள் அவர்க்கும் பிறர்க்கும் இடையே நெடுநாள் நிகழ்ந்தன. இறுதியில் 2023-ஆம் ஆண்டில் அவருட் பலர் பிரிந்து சென்று, சாலைகளுக்கென்றே தனிக்களஞ்சியம் ஒன்றனைத் தொடங்கினர். நிலப்படமும், அரசு ஆவணமும், நாளிதழ்த் தொகுப்பும் நிரம்பிய நாட்டினர்க்கே இவ்விடர் வந்ததாயின், நம் மாவட்டங்களைப் பற்றிச் சொல்லவேண்டுவதில்லை.

அங்ஙனமாயின் நமக்குச் சான்று இல்லையோ எனின், உண்டு, தேடுதல் வேண்டும். ஒரு சாலை தேசிய நெடுஞ்சாலையாவது 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய அரசிதழில் அறிவித்தலால். அவ்வறிவிப்பு முதற்சான்று. எப். ஆர். ஹெமிங்வே தொகுத்து 1907-இல் வெளிவந்த திருச்சிராப்பள்ளி ஜில்லா விவரநூல் பழைய சாலைகளையும் ஊர்களையும் பற்றிக் கூறும். 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கை ஒட்டி இரு மாவட்டங்களுக்கும் வெளிவந்த கையேடுகள் உள்ளன. நெடுஞ்சாலைத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்புக்கள் சட்டமன்றத்தில் வைக்கப்படுகின்றன. நாளிதழ்களின் பழைய தாள்கள் நூலகங்களில் உள்ளன. பிளான்போர்டின் நிலவியற் கட்டுரையும் படித்தற்குக் கிடைப்பதே. இவற்றை ஒப்புநோக்கி, ஒவ்வொரு தொடருக்கும் ஒவ்வோர் ஆதாரம் காட்டுதல், உரையாசிரியர் மேற்கோள் காட்டும் முறையினின்று வேறானதன்று. தமிழ் சிறப்புப் பாடமாகப் பயில்வோர்க்கு இது கைவந்த தொழிலாதல் வேண்டும்.

நடுநிலை நோக்கு என்னும் நெறியும் நம்மைச் சோதிப்பதே. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் விரைந்து செல்லும் சாலையில், பள்ளிக்குச் சைக்கிளிற் செல்லும் பிள்ளையை நினைத்துத் தாய் வாயிலில் நிற்பதை அவ்வூரார் அறிவர். அதனை எழுதப் புகுவோன், இது கொலைச்சாலை என்று எழுத விரும்புவான். களஞ்சியம் அதனை ஏலாது. இன்ன ஆண்டில் இத்தனை விபத்து என்று அரசுக் கணக்கு கூறுகின்றது. இன்ன நாளில் மக்கள் இன்ன கோரிக்கையை முன்வைத்தனர் என்று நாளிதழ் கூறுகின்றது. அதற்கு அதிகாரிகள் இன்ன விடை தந்தனர் என்று எழுதினால் ஏற்கும். இது நெஞ்சின் வெம்மையை அணைப்பது போலத் தோன்றும். ஆயினும் யாம் கருதுவது வேறு. சினந்து கூறிய சொல்லை மறுப்பது எளிது. சான்றோடு கூறிய எண்ணை மறுப்பது அரிது. அச்சொல் அன்றே மறக்கப்படும். அவ்வெண் நெடுநாள் நிற்கும். துன்புற்றோர்க்குத் துணையாக எழுத விரும்புவோன் பெருங்குரலைக் காட்டிலும் உறுதியான சான்றினைத் தேடுதலே அறம்.

படத்தைப் பற்றியும் ஒரு சொல். முதற்பக்கத்திற்குப் படம் பெரிதும் வேண்டுவதாம். பிறர் எடுத்த படத்தை இணையத்தினின்று எடுத்து இடுதல் களவு. திருமானூர்ப் பாலத்தினின்று கொள்ளிடத்தையோ, பெரம்பலூர்ச் சந்திப்பின் வழிகாட்டிப் பலகையையோ நாமே படமெடுத்து, யாவரும் பெயர் சுட்டிப் பயன்படுத்திக் கொள்ளலாம் என்னும் கட்டற்ற உரிமத்தோடு விக்கிமீடியப் பொதுவகத்தில் ஏற்றுதல் வேண்டும். நெறிகளுள் எளியது இதுவே. ஊரில் இருப்போர்க்கே இயல்வதும் இதுவே. தொலைநாட்டில் இருந்து எழுதும் பேரறிஞர்க்கு இஃது இயலாது.

கட்டுரை முதற்பக்கத்தை அடைந்த நாளில் நிகழ்வது யாது? படிப்போர் பெருகுவர், பெருகவே, திருத்துவோரும் கெடுப்போரும் ஒருங்கே வருவர். ஒருவர் தம் ஊர்ப்பெயரை வேண்டாத இடத்திற் சேர்ப்பார். மற்றொருவர் எவரும் காணாத பிழையைக் கண்டு திருத்துவார். ஆக்கியோன் அந்நாளில் விழிப்போடிருந்து, தீயதை நீக்கி நல்லதை ஏற்றல் வேண்டும். இது என் கட்டுரை என்று சினத்தல் ஆகாது. கட்டுரையின் அடியில் ஆக்கியோன் பெயர் இராது. வரலாற்றுப் பக்கத்தில் பலருள் ஒருவனாக இருக்கும். புகழை வேண்டி எழுதுவோர்க்கு இவ்விடம் ஏலாது.

பின்னை இத்துணை உழைப்பால் வரும் பயன் யாது? ஒரு பயன் உலகறிந்தது. இந்நாளில் வினாவிற்கு விடை கூறும் கணினிப் பொறிகளும் இக்களஞ்சியத்தினின்று கற்கின்றன. ஆண்டு எழுதியது பல வாயிலாகப் பரவும். எழுதாதது இல்லாதது போலவே கொள்ளப்படும். பெருநகரச் சாலைகளைப் பற்றிப் பலர் எழுதுவர். பெரம்பலூரையும் அரியலூரையும் பற்றி அவ்வூரார் எழுதாவிடின் எவர் எழுதுவர்? மற்றொரு பயன் எழுதுவோனுக்கே உரியது. தான் நாள்தோறும் சென்ற வழியைப் பற்றித் தான் அறிந்ததில் எத்துணை கேள்வி, எத்துணை ஆதாரம் என்று பிரித்தறியும் பழக்கம் அவனுக்கு உண்டாகும். முதற்பக்கத்தில் இடம்பெறுவது சாலையின் பெருமையன்று. சான்றின் பெருமை என்பதே யாம் வற்புறுத்த விரும்புவது.

இறுதியாக நம் கல்லூரி மாணவர்க்கும், இங்குப் பயின்று இன்று பல துறைகளில் விளங்கும் முன்னோர்க்கும் ஒரு வேண்டுகோள். எழுதப்படாத அறிவு சான்றாகாது என்று கண்டோம். அவ்வறிவை எழுத்தாக்குவது நம் கையில் உள்ளது. பாலத்தின் திறப்புவிழாக் கல்லிற் பொறித்த நாளைப் படியெடுத்து வையுங்கள். பஞ்சாயத்துத் தீர்மானங்களின் பழம்படிகளை மட்கிப் போகாமற் காப்பாற்றுங்கள். சாலை போட்ட காலத்தில் வேலை செய்த முதியோரின் கூற்றை, அவர் இசைவோடு, நாளும் இடமும் குறித்துப் பதிவு செய்யுங்கள். நாளிதழிலும் ஆய்விதழிலும் எழுதும் வாய்ப்புள்ளோர் அவற்றை ஆராய்ந்து அச்சேற்றுங்கள். மாணவர் எழுதும் இவ்வாண்டுமலர்க் கட்டுரையைக் களஞ்சியம் வலிய சான்றாகக் கொள்ளாது என்பதை யாம் அறிவோம். ஆயினும் இதனைப் படித்த ஒருவர் அரசிதழையும் பழைய விவரநூலையும் நாடிச் செல்வாராயின் அதுவே போதும். அவர் எழுதும் கட்டுரை ஆலமரத்தடியில் ஆராயப்பெற்று முதற்பக்கத்தில் ஒளிரும் நாளில், அச்சாலையோரத்துத் தேநீர்க்கடைக்காரர் அதனைப் படித்து, ஆம், இது எங்கள் சாலையே என்று கூறுவாராக. அதனினும் பெரிய பரிசில் எந்த ஆற்றுப்படையும் பெற்றதன்று.